ஆன்லைன் பட்டம் கட்டுப்படியாகுமா? குமரி மாவட்டத்துக்கு ஒரு கணக்கு

விளம்பரத்தில் போட்டிருக்கும் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இந்தப் படிப்பில் சேராவிட்டால் பிள்ளை என்ன செய்வார் என்பதை முதலில் எழுதிவையுங்கள். நாகர்கோவில் கோணத்தில் உள்ள அரசுக் கல்லூரிக்குப் போவாரா, கோயம்புத்தூரில் விடுதியில் தங்குவாரா, இல்லை படிப்பையே விட்டுவிடுவாரா? அதைப் பொறுத்துத்தான் லாபமும் நஷ்டமும்.

பிறகு ஒரு நோட்டில் மூன்று வருடச் செலவை எழுதுங்கள். மாதிரிக்கு: கட்டணம் வருடம் 25,000 வீதம் 75,000 ரூபாய். போனில் பாடம் கேட்கலாம், அசைன்மென்ட் செய்வது கஷ்டம். ஆகவே பழைய லேப்டாப் 25,000. ஃபைபர் இணைப்பு மாதம் 500 வீதம் 18,000. ஆறு செமஸ்டருக்கும் தேர்வு மையத்துக்குப் போய்வரத் தலா 1,500 என்றால் 9,000. மொத்தம் 1,27,000.

பலரும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிற தொகை ஒன்று உண்டு. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய், கல்லூரிக்கு நேரில் போய்ப் படிப்பவர்களுக்குத்தான். தொலைநிலைப் படிப்புக்குக் கிடையாது. தகுதியுள்ள பிள்ளைக்கு 36,000 ரூபாய் கைவிட்டுப் போகிறது. அதையும் சேர்த்தால் 1,63,000.

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெண்ணுக்கு அரசுக் கல்லூரிதான் மேல்: கட்டணம் குறைவு, சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசும் இல்லை. கோயம்புத்தூர் என்றால் அறைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் மாதம் 7,000, வருடம் பத்து மாதம் என்று வைத்தாலே மூன்று வருடத்துக்கு 2,10,000. அங்கே ஆன்லைன் ஜெயிக்கிறது. அந்தச் சாப்பாட்டுக் காசும் வெளியூர் போகாமல் நம் மார்த்தாண்டம் சந்தையிலேயே புரளும்.

அடுத்தது நேரம். குலசேகரம், அருமனைப் பக்கம் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் காலை நேரலை வகுப்பில் உட்கார முடியாது. பதிவு செய்த பாடங்கள் உண்டா, எத்தனை நாள் கிடைக்கும் என்று கேளுங்கள். தூத்தூரிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவருக்குக் கடலில் சிக்னல் இருக்காது. வாராவாரம் கெடு வைக்கும் படிப்பு அவருக்கு ஆகாது. பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் சிக்னல் இருக்கும் இடத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேர வீடியோவுக்கு அரை ஜிபி போகும், தினம் 1.5 ஜிபி பேக் மூன்று மணி நேரத்தில் காலி.

இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. 2017 ஒக்கி புயலில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ரவுட்டருக்கான சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள், சில மணி நேரம் தாங்கும். வீட்டில் கேமரா முன் எழுதும் தேர்வைவிட, மையத்தில் எழுதும் தேர்வே நம் ஊருக்கு நல்லது.

சேருமுன் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் அந்தப் பல்கலைக்கழகமும், அந்தப் படிப்பும், அந்த வருடமும் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சேரும் மாணவருக்கு அந்தப் பிரிவின் டெப் ஐடி (DEB ID) என்ற பதிவு எண் கட்டாயம், அதற்குக் காசில்லை. நர்சிங், பார்மசி, சட்டம் ஆகியவற்றை ஆன்லைனில் நடத்த அனுமதியில்லை; தருகிறோம் என்பவரிடம் பேச்சே வேண்டாம்.

ஊராகச் சேர்ந்து செய்தால் செலவு இன்னும் குறையும். ஊர் நூலகத்திலோ கோயில், பள்ளிவாசல், சர்ச் மண்டபத்திலோ 100 எம்பிபிஎஸ் இணைப்பு ஒன்று போட்டால் பத்துப் பதினைந்து பேர் தாராளமாகப் படிக்கலாம்.

கட்டணம் கட்டுமுன் மத்திய அரசின் சுயம் (SWAYAM) இணையதளத்தில் இலவசப் பாடம் ஒன்றில் சேர்ந்து, தினமும் உண்மையில் படிக்கப்போகும் அதே நேரத்தில், அதே இடத்தில் உட்காருங்கள். முதல் நான்கு வார அசைன்மென்டும் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தால் பணத்தைக் கட்டுங்கள்.