ஏணையில ஆட்டி, பாயில கிடத்துங்கோ: புதுசா அம்மா அப்பா ஆனவைக்கு

எங்கட திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போனா, மலையோரத்து மரத்தில சின்னச் சின்னத் தொட்டிலாக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறதைப் பாத்திருப்பீங்கள், பிள்ளை வேணுமெண்டு நேந்து கட்டினது. பிள்ளை பிறந்து வீட்ட வந்தா முதல் வேலையா அம்மம்மா பழைய நூல் சீலை ஒண்டைத் தேடி எடுப்பா, ஏணை கட்ட, அதுதான் சீலையில கட்டித் தொங்கவிடுற தொட்டில். நானும் ஏணையில வளந்தவள், என்ட ரெண்டு பிள்ளைகளும் ஏணையில ஆடினவைதான். அதால ஏணையே கட்டாதீங்கோ எண்டு சொல்ல நான் இதை எழுதேல்ல. ஆனா ஏணை பிள்ளையை ஆத்துறதுக்கு, பக்கத்தில ஆள் இருந்து ஆட்டுறதுக்கு. இரவு முழுக்க நித்திரை கொள்ள வைக்கிற படுக்கை அது இல்லை. இந்த ஒண்டை மட்டும் மனசில வச்சுக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கோ.

முதல்ல எங்க கட்டுறது எண்டு பாப்பம். ஓட்டு வீடெண்டா நல்ல தீராந்தியில கட்டலாம், ஆனா கறையான் அரிச்சிருக்கோ எண்டு தட்டிப் பாருங்கோ, பொத்துச் சத்தம் கேட்டா வேற இடம் பாருங்கோ. ஸ்லாப் போட்ட வீடெண்டா கொங்கிறீற்றோட சேத்து வச்ச கொழுக்கி வேணும். யன்னல் கம்பி, கதவு நிலை, ஃபான் பூட்டியிருக்கிற கொழுக்கி இதெல்லாம் வேண்டாம். எங்கட ஊர் உப்புக்காத்தையும் மறக்காதீங்கோ, கடலுக்குக் கிட்ட இருக்கிற வீடுகளில, உப்புவெளி, நிலாவெளிப் பக்கமெல்லாம், இரும்புக் கொழுக்கி ஒரு மழைக்காலம் தாண்டினாலே செதில் செதிலாக் கழரும், பெயின்ற் அடிச்சிருந்தா வெளியில தெரியவும் தெரியாது. கடையில விக்கிற ஸ்பிரிங் தொட்டிலுக்கும் இதே பிரச்சினைதான், துருப்பிடிச்ச ஸ்பிரிங் எப்ப விடுமெண்டு சொல்லேலாது, அதோட ஸ்பிரிங் பிள்ளையை மேல கீழ துள்ள வைக்குது, சின்னப் பிள்ளையின்ட கழுத்துக்கு அது வேணாம். எனக்கு ஸ்பிரிங் பிடிக்கவே பிடிக்காது, நேராச் சொல்றன்.

சுவரில, மேசை விளிம்பில இடிபடாத மாதிரி நாலு பக்கமும் ஒரு பாகம் இடம் விடுங்கோ. அடுப்படிப் பக்கம் வேண்டாம்.

அடுத்தது சீலை. துவைச்சுத் துவைச்சு மெதுவான நூல் சீலைதான் நல்லம். நைலெக்ஸ், பட்டு, வழுக்குற துணி எதுவும் வேண்டாம், முடிச்சும் வழுக்கும், காத்தும் போகாது. வெளிச்சத்துக்கு நேரா விரிச்சுப் பிடிச்சுப் பாருங்கோ, எங்கயாவது நூல் விலகி மெலிஞ்சு தெரிஞ்சா அந்தச் சீலை ஏணைக்கு இல்லை. கயிறு புதுசா, பெருவிரல் மொத்தத்தில இருக்கட்டும், வெயில்ல கிடந்த நைலோன் கயிறு நொறுங்கும்.

கட்டி முடிஞ்ச உடன பிள்ளையைப் போடாதீங்கோ! 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி உள்ள வச்சு, நல்லா ஆட்டி, ஒரு மணித்தியாலம் விட்டுப் பாருங்கோ. முடிச்சு இறுகி ஏணை கொஞ்சம் கீழ இறங்கும், அது சரி, ஆனா தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தா முடிச்சு வழுக்குது எண்டு அர்த்தம், அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கோ. ஏணையின்ட அடி நிலத்தில இருந்து ஒரு முழத்துக்கு மேல போகக் கூடாது. கீழ பாயோ மெல்லிய மெத்தையோ விரிச்சு விடுங்கோ. பிறகு மேல, ரெண்டு பக்கத் துணிக்கும் நடுவில குறுக்க ஒரு தடி வையுங்கோ, அதுதான் துணி மூடுப்பட்டு முகத்தில ஒட்டாம விரிச்சுப் பிடிக்கும். கனபேர் இந்தத் தடியை விட்டிடுவினம், ஆனா ஏணையில முக்கியமான சாமான் எண்டா அதுதான்.

இப்ப பிள்ளையைக் கிடத்துற விஷயம். இதில கொஞ்சம் நிண்டு சொல்றன், ஏனெண்டா நான் பயந்தது இதிலதான்.

மூத்தவனுக்கு அப்ப ரெண்டு மாசம். கச்சான் காத்து அனலா அடிக்கிற பின்நேரம், கரண்டும் இல்லை, ஏணையில போட்டு ஆட்டினன், நல்லா நித்திரையாயிட்டான். நான் பக்கத்தில இருந்து உடுப்பு மடிச்சுக்கொண்டிருந்தனான். கொஞ்ச நேரத்தில கர்ர் கர்ர் எண்டு ஒரு சத்தம், குறட்டை மாதிரி. அம்மா, பாருங்கோ இவன் தாத்தா மாதிரிக் குறட்டை விடுறான் எண்டு சிரிச்சுக்கொண்டே துணியை விலக்கிப் பாத்தா, நாடி நெஞ்சில போய் அமுங்கி இருக்கு, சொண்டு வெளிறிப் போய் இருக்கு. அப்பிடியே அள்ளித் தூக்கினன், கழுத்து நிமிர்ந்த உடன ஒரு பெரிய மூச்சு எடுத்தான். அந்த மூச்சுச் சத்தம் இப்பவும் எனக்குக் கேக்கும்.

என்ன நடந்தது எண்டா, பச்சைப் பிள்ளைக்குத் தலைதான் பாரம், கழுத்தில பலம் இல்லை, மூச்சுக் குழாய் மெல்லிசு. ஏணை வளைஞ்சு குழிஞ்சு இருக்கிறதால முதுகு கூனும், நாடி நெஞ்சில முட்டும், மூச்சுப் போற வழி மடிஞ்சிடும், குளிக்கிற பைப்பை மடிச்சுப் பிடிச்சா தண்ணி நிக்கிற மாதிரி. பிள்ளை அழக்கூட அழாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022ல வெளியிட்ட வழிகாட்டல்லயும் இதுதான் இருக்கு, பிள்ளை நித்திரை கொள்ற இடம் மட்டமா, கெட்டியா இருக்கவேணும், 10 பாகைக்கு மேல சரிவு இருந்தா பாதுகாப்பு இல்லை எண்டு. எங்கட ஏணையை அதில வச்சுப் பாத்தா, அது சரிவும்தான், மெத்தெண்ட குழியும்தான்.

அதால கிடத்தும்போது நிமிர்த்தி, முதுகுப் பக்கம் கீழ இருக்கக் கிடத்துங்கோ, குப்புறவோ பக்கவாட்டாவோ வேண்டாம். துணியை இழுத்து விட்டு அடியைத் தட்டையாக்குங்கோ. நாடிக்கும் நெஞ்சுக்கும் நடுவில உங்கட ஒரு விரல் லேசாப் போகவேணும். மூக்கும் வாயும் எப்பவும் கண்ணுக்குத் தெரியவேணும், எட்டிப் பாத்தாத்தான் தெரியும் எண்டா அது காணாது. தலகணி, போர்வை, பொம்மை ஒண்டும் உள்ள வேண்டாம். வெளிச்சம் படுது எண்டு ஏணைக்கு மேல துவாய் போட்டு மூடுறது பெரிய பிழை, உள்ள வெக்கை அடைக்கும், மூச்சும் முட்டும். நுளம்புக்கு வலை கட்டுறதெண்டா முழு ஏணையையும் சுத்தித் துணியில படாம அகலமாக் கட்டுங்கோ. பால் குடிச்ச உடன போடாதீங்கோ, தோளில சாச்சு ஏப்பம் எடுத்து ஒரு பதினைஞ்சு நிமிஷம் வச்சிருந்திட்டுப் போடுங்கோ. மாசம் நிறையாமப் பிறந்த பிள்ளை, நிறை குறைஞ்ச பிள்ளை, சளி பிடிச்சு மூச்சு இழுக்கிற பிள்ளை எண்டா ஏணை வேண்டாம், வீட்ட வாற மிட்வைஃப் மிஸ்ஸிட்டக் கேட்டிட்டுச் செய்யுங்கோ.

ஆட்டுறது மெதுவா. ஒரு கையால துணியைப் பிடிச்சு, நடக்கிற வேகத்தில, ஆராரோ ஆரிவரோ பாடினா அந்த இழுவைக்கு ஏத்த மாதிரி. அழுகை கூடக் கூட வேகமா ஆட்டுறதுதான் எல்லாரும் செய்யிறது, அப்பிடிச் செய்யாதீங்கோ, தலை குலுங்கும். உங்களுக்கு ஆத்திரம் வந்தா பிள்ளையைப் பாயில கிடத்திட்டு ரெண்டு நிமிஷம் வெளியில போய் நில்லுங்கோ, அதில ஒரு குற்றமும் இல்லை.

இனி இறக்குறது. இறக்கின உடன முழிச்சிடுது, அதாலதான் ஏணையிலயே விடுறம் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். உண்மைதான், எனக்கும் அப்பிடித்தான் நடந்தது. ஜப்பான்ல ரிக்கன் ஆய்வு நிலையத்தில 2022ல அழுற பிள்ளைகளை வச்சுப் பாத்தவை, 5 நிமிஷம் தூக்கிக்கொண்டு நடந்து, நித்திரையான பிறகு இன்னும் 5 முதல் 8 நிமிஷம் வரை மடியில வச்சுக்கொண்டு இருந்திட்டுக் கிடத்தினா முழிக்கிறது குறைவு எண்டு கண்டவை. அது கையில தூக்கிச் செய்தது, ஆனா நான் அதே கணக்கை ஏணைக்கும் பாவிச்சன். கண் மூடின உடன இறக்காம, ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிப்பாட்டி, பக்கத்திலயே பாத்துக்கொண்டு இருந்து, பிள்ளையின்ட கையைத் தூக்கி விட்டா துணி மாதிரித் தொப்பெண்டு விழுந்தா ஆழ்ந்த நித்திரை, அப்ப தலைக்குக் கீழ ஒரு கை, இடுப்புக்குக் கீழ ஒரு கை குடுத்து எடுத்து, பாயில முதல்ல கால், பிறகு இடுப்பு, கடைசியாத் தலை. நெஞ்சில உங்கட கையை ஒரு நிமிஷம் வச்சிருங்கோ. முதல் கிழமை பத்துத் தரத்தில ஏழு தரம் முழிச்சான், பிறகு பழகிட்டான். இரவில உங்கட அறையிலயே, ஆனா தனிப் பாயில.

மூச்சில சத்தம், சொண்டு நீலம், உடம்பு தொய்வு இதில எதைக் கண்டாலும் உடன தூக்குங்கோ, சரியாகேல்லையெண்டா 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ் எடுங்கோ, வாகனம் தேடிக்கொண்டு நிக்காதீங்கோ.

பிள்ளை பிரள வெளிக்கிட்டா, அனேகமா நாலு மாசமளவில, ஏணை முடிஞ்சுது. எழும்பி இருக்கும்வரைக்கும் விடலாம் எண்டு அயலுக்க சொல்லுவினம், கேக்காதீங்கோ, பிரண்டு துணியில முகம் புதைஞ்சா அதால திரும்பேலாது.

வீட்டில பெரிய பிள்ளைகள் இருந்தா இன்னொண்டு. சின்னவளை இறக்கின உடன ஏணைச் சீலையைச் சுருட்டி கைக்கெட்டாத உயரத்தில கட்டி விடுவன், ஆட்டம் இல்லாத நாளெண்டா அவிழ்த்தே எடுத்திடுவன். ஏழு எட்டு வயசுப் பிள்ளைகள் வெறும் ஏணைக்குள்ள ஏறி முறுக்கி முறுக்கிச் சுத்தி விளையாடேக்க சீலை கழுத்தில இறுகிச் செத்த கதைகள் எங்கட நாட்டிலயும் இந்தியாவிலயும் வந்துகொண்டேதான் இருக்கு. மூத்தவன் ஒருநாள் கேட்டான், அம்மா நானும் ஒருக்கா ஆடட்டோ எண்டு. அவனுக்கு முத்தத்து மாமரத்தில பலகை ஊஞ்சல் ஒண்டு கட்டிக் குடுத்தாச்சு.