சின்ன கண்ட்ரோல் பேனலுக்கு எச்எம்ஐ மென்பொருள்: எங்கே சறுக்குகிறது?

ஆர்.ஓ. பிளாண்டுக்கோ சாய மிஷினுக்கோ பேனல் கட்டும்போது எச்எம்ஐ (மிஷினைப் பார்த்து இயக்க உதவும் திரை) மென்பொருளைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். டெமோவில் டேங்க்கும் மோட்டாரும் கலர் கலராக ஓடினால் சரி என்று வாங்கிவிடுகிறார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, அது மிஷினைக் கட்டுப்படுத்தும் கருவியான உங்கள் பிஎல்சியோடு ஒழுங்காகப் பேசுமா என்பதைத்தான்.

டேட்டா ஷீட்டில் மாட்பஸ் (கருவிகள் ஒன்றோடொன்று பேசும் ஒரு முறை) என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. மதிப்புகளை வைக்கும் இடமான மாட்பஸ் ரெஜிஸ்டர் ஒன்றில் 16 பிட்தான் அடங்கும். 32 பிட் தசம எண் இரண்டு ரெஜிஸ்டர்களில் உட்காரும். அதில் எந்தப் பாதி முன்னால் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வரிசை தவறினால் 25.0 டிகிரி வர வேண்டிய இடத்தில் 0.0 தெரியும். வயரிங்கைச் சோதித்து, நல்ல சென்சாரைக் கழற்றி மாற்றி, ஒரு நாளே போய்விடும். வரிசையை மாற்றும் வசதி மென்பொருளில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். 40001 என்ற ரெஜிஸ்டர் முகவரியைச் சில மென்பொருள்கள் 0 என்று எண்ணும், அதையும் கவனியுங்கள்.

அடுத்தது தமிழ். மிஷின் ஓட்டுபவருக்குப் புரியாத அலாரம் இருந்தும் பயனில்லை. "கொதிகலன் வெப்பம் அதிகம்" என்று அடித்துப் பார்த்தால் கம்ப்யூட்டர் சிமுலேஷனில் அழகாகத் தெரியும். அதையே பேனலில் ஏற்றினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கலாம். அதனால் டெமோவை லேப்டாப்பில் பார்க்காதீர்கள், நிஜப் பேனலில் கேளுங்கள்.

ஒரே ஒரு 7 அங்குலத் திரைக்கு கம்ப்யூட்டரில் ஓடும் ஸ்காடா (முழு ஆலையையும் கண்காணிக்கும் மென்பொருள்) பெரும்பாலும் தேவையில்லை. அவற்றில் பலவற்றுக்கு டேக் (மென்பொருள் படிக்கும் ஒவ்வொரு மதிப்பும் ஒரு டேக்) கணக்கில் லைசென்ஸ். ஒரு மோட்டாருக்கே ரன், ட்ரிப், ஆம்பியர், ஓடிய நேரம் என்று நாலைந்து டேக் போய்விடும். வெயின்டெக்கின் ஈஸிபில்டர் ப்ரோ, டெல்டாவின் டாப்சாஃப்ட் போன்றவை இலவசம். ஆனால் அந்தந்தக் கம்பெனிப் பேனலுக்கு மட்டும்தான் உதவும்.

எந்த மென்பொருளாக இருந்தாலும் எமர்ஜென்சி ஸ்டாப்பைத் திரைப் பட்டனாக வைத்து முடித்துவிடாதீர்கள். அதற்குத் தனி வயரிங்கோடு நிஜப் பட்டன் வேண்டும்.

அப்புறம் சோர்ஸ் ஃபைல், அதாவது திருத்தக்கூடிய மூல ஃபைல். பேனலில் ஏறுவது பெரும்பாலும் கம்பைல் ஆன (பேனல் ஓட்டுவதற்கேற்ப மாற்றப்பட்ட) ஃபைல். அதிலிருந்து திருத்தக்கூடிய ப்ராஜெக்ட்டை எல்லா நேரமும் திரும்ப எடுக்க முடியும் என்று சொல்ல முடியாது. ஆர்டர் கொடுக்கும்போதே சோர்ஸ் ஃபைல், பாஸ்வேர்டு, அதைச் செய்த மென்பொருளின் வெர்ஷன் எண் மூன்றையும் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கடைசிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.