ஆறு மாதத் தாய்ப்பால், நாலு மாத லீவு: டர்பனில் வேலைக்குத் திரும்பும் அம்மாக்களுக்கு

தாய்ப்பால் குடித்த பிள்ளைக்குப் பிற்காலத்தில் மனக்கோளாறே வராது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு மாமியார் மருமகளைப் படுத்தும் பாடு எனக்குத் தெரியும். அதனால் முதலில் விஷயத்தைப் பார்த்துவிடுவோம். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் 1989 முதல் 1991 வரை கர்ப்பிணிகளைச் சேர்த்து, பிறந்த பிள்ளைகளை 14 வயதுவரை கவனித்தார்கள். ஆறு மாதத்துக்கும் குறைவாகப் பால் குடித்தவர்களிடம் மனநலச் சிக்கல் அதிகம் தெரிந்தது. ஆனால் பெலாரஸில் 17,000க்கும் மேற்பட்ட தாய்சேய்களை வைத்து, மருத்துவமனைகளையே குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவில் இருந்த தாய்மாருக்கு மட்டும் பால் கொடுக்கக் கூடுதல் உதவி செய்தார்கள். அங்கே தாய்மார் அதிக நாள் பால் கொடுத்தும், ஆறரை வயதில் பிள்ளைகளின் நடத்தையில் வித்தியாசம் இல்லை. ஆகவே பெர்த்தில் தெரிந்த வித்தியாசத்தில் வீட்டு வசதி, படிப்பு, அம்மாவின் மனநிலை எல்லாம் கலந்திருக்கலாம். என்னைக் கேட்டால், வயிற்றுப்போக்கும் சளித்தொல்லையும் குறையும் என்பதற்காகவே கொடுக்கலாம். மனநலத்துக்குக் காப்பீடு என்று நினைக்க வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தென்னாப்பிரிக்காவிலோ அம்மா மட்டும் வேலை பார்த்தால் நாலு மாத லீவு, அப்பாவும் வேலை பார்த்தால் 2025 அக்டோபரில் வந்த அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்புப்படி இருவருக்கும் சேர்த்து நாலு மாதம் பத்து நாள். அம்மாவே நாலு மாதம் எடுத்தாலும், பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே லீவு தொடங்கினால் குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்போதே ஆபீஸ் போயாக வேண்டும்.

லீவில் போகும் முன்பே ஹெச்ஆரிடம் பேசுங்கள், பேசியதை ஈமெயிலிலும் போடுங்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு முறை, தலா 30 நிமிடம் பால் கொடுக்கவோ பீய்ச்சவோ இடைவேளை தர வேண்டும் என்று கர்ப்பிணிப் பணியாளர்களுக்கான அரசின் நன்னடத்தை விதிகளில் இருக்கிறது. பூட்டும் கதவுள்ள அறை கேளுங்கள். டாய்லெட்டைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

திரும்பப் போவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, காலையில் குழந்தை குடித்து முடித்ததும் பீய்ச்சிப் பழகுங்கள். பீய்ச்சிய பால் ஃப்ரிட்ஜில் நாலு நாள், ஃப்ரீசரில் ஆறு மாதம் தாங்கும். 25 டிகிரிக்குள் இருந்தால் வெளியே நாலு மணி நேரம் வைக்கலாம், ஆனால் டர்பனின் ஜனவரி வெயிலில் அதை நம்பாமல் உடனே உள்ளே வையுங்கள். லோட்ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) வந்தால் ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஐஸ் பேக் போட்ட கூலர் பாக்ஸ் ஒன்று தயாராக இருக்கட்டும்.

பகலில் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கும் சொல்லித்தர வேண்டும், மரியாதையாக. பாலை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்கலாம், மைக்ரோவேவ் கூடாது. சர்க்கரைத் தண்ணீர், கஞ்சி எதுவும் ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். "பால் பத்தலையே" என்று அவர் சொன்னால் நாப்பியை எண்ணச் சொல்லுங்கள்: நாளுக்கு ஆறு நனைந்தால் பெரும்பாலும் போதுமான பால் போகிறது.

அப்புறம் நீங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் வெறுப்பும் தூக்கமின்மையும் விடாமல் இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள், பால் கொடுப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், செர்ட்ராலின் மாதிரி பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மனச்சோர்வு மாத்திரைகள் உண்டு. உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே போங்கள். அந்த நிலையில் பவுடர் பாலுக்கு மாறுவதுதான் உங்களுக்குத் தூக்கம் தரும் என்றால் மாறிவிடுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் அளவை மட்டும் குறைக்காமல் கலக்குங்கள்.