நர்சிங் முதலாண்டு: தெரியாததை மறைக்காதீர்கள்

வேலூரில் நர்சிங் படிக்க வந்தவர்களை முதல் வார்டு போஸ்டிங்கில் பிபி பார்க்கச் சொல்வார்கள். காதில் ஒன்றும் கேட்காது. பக்கத்துக் கட்டிலில் தோழி பார்த்து எழுதியும் முடித்திருப்பாள். சட்டென்று 120/80 என்று போட்டுத் தப்பித்துவிடத் தோன்றும். முதலாண்டின் பெரிய தவறு இதுதான். நோயாளிக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம். ‘எனக்கு இது வராது’ என்ற எண்ணம் அன்றே வேர்விட்டு, மறுநாள் அந்தக் கட்டிலை நெருங்கவே கால் தயங்கும்.

கேட்காததற்குக் காரணம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். ஸ்டெத்தின் காது முனைகள் மூக்குப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நோயாளியின் மேல் வைக்கும் வட்டத் தகடான டயாஃப்ரத்தை விரலால் தட்டிப் பார்த்தால் சத்தம் வருகிறதா என்று தெரிந்துவிடும். கையில் சுற்றும் காற்றுப் பட்டையான கஃபின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2–3 செ.மீ. மேலே இருக்கட்டும். மணிக்கட்டு நாடி மறையும் வரை காற்றேற்றி, அதற்கு மேல் 30 மி.மீ. ஏற்றி, நொடிக்கு 2–3 மி.மீ. வீதம் இறக்குங்கள். புதியவர்கள் வால்வை ஒரேயடியாகத் திறந்துவிடுவதால் முதல் சத்தம் நழுவிப்போகிறது. காற்றை முழுக்க இறக்கி, ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் கேட்கவில்லையென்றால், “சிஸ்டர், எனக்குக் கேட்கலை, கொஞ்சம் கூட நின்னு பாருங்களேன்” என்று கூப்பிடுங்கள். முதலாண்டு மாணவிக்கு இப்படிக் கேட்க முழு உரிமை உண்டு.

நோயாளிக்குப் போட்ட ஊசி தன் கையில் குத்திவிட்டதை மறைப்பது இதைவிட மோசம். திட்டு விழுமே என்று பஞ்சை அழுத்திக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். குத்திய இடத்தை உடனே சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். அந்த நிமிடமே பொறுப்பு சிஸ்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி 3 தவணையும் போட்டாயிற்றா என்பதை வார்டுக்குப் போகுமுன்பே பார்த்துவிடுங்கள்.

காலை டிபனை விட்டுவிட்டு டியூட்டிக்கு ஓடுவதும் வழக்கமாகிவிட்டது. வெறும் வயிறு, வேலூர் வெயில், நீண்ட நேரம் அசையாமல் நிற்பது, எதிரே ஒரு புண் டிரெஸ்ஸிங் என்று எல்லாம் சேர்ந்தால் மயக்கம் வரும். அது கோழைத்தனம் இல்லை, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது. கண் இருட்டினால் அங்கேயே உட்காருங்கள். முடிந்தால் படுத்துக் காலை உயர்த்துங்கள்.

குடியாத்தம், அணைக்கட்டு, ஆரணிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்து வருபவர்களுக்கு அனாட்டமி வகுப்பு மிரட்டும். ஆங்கிலம் தடுமாறுவதை அறிவுக் குறைவாக எடுத்துக்கொள்வதுதான் தவறு. உறுப்பின் வேலையை முதலில் தமிழில் புரிந்துகொண்டு, பிறகு ஆங்கிலப் பெயரை ஏற்றுங்கள். டாக்கி என்றால் வேகம், பிராடி என்றால் மெதுவு, ஹைப்போ என்றால் குறைவு: இப்படி முன்னொட்டுகளைப் பிடித்தால் பாதிப் பாடம் வழிக்கு வரும். வேலூருக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். வலி எங்கே, சாப்பிட்டீர்களா, தண்ணீர் வேண்டுமா என்று இந்தியில் பத்து வாக்கியம் கற்றுவையுங்கள். ஜவ்வாது மலையிலிருந்து வரும் பாட்டி “நெஞ்சு படபடன்னு அடிக்குது, கண்ணு கட்டுது கண்ணு” என்று சொன்னதும் உங்களுக்குப் புரிகிறதே, அதையும் உங்கள் திறமைக் கணக்கில் எழுதுங்கள்.

தன்மதிப்பை அளக்கக் கல்லூரிகளில் ரோசன்பர்க் படிவம் கொடுப்பதுண்டு. அதன் 10 வாக்கியங்களில் 5 எதிர்மறையானவை. அவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பி, அதிகத்தைக் குறைவாகவும் குறைவை அதிகமாகவும் போட வேண்டும். அதை மறந்தால் நன்றாக இருப்பவருக்கும் குறைவாகவே காட்டும். சரியாகவே போட்டாலும், இன்டர்னல் தேர்வு வாரத்தில் வந்த எண்ணை ஆயுள் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாய் திறக்காமல் தாங்குவதை மனவலிமை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். வீட்டுக்கு போன் போட்டு “நல்லா இருக்கேம்மா” என்று வைத்துவிட்டுப் போர்வைக்குள் அழுகிறார்கள். தூக்கமின்மை, பசியின்மை, அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை ஆகியவை இரண்டு வாரம் தொடர்ந்தால் ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் இலவச எண் 14416. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். ரூம்மேட் அப்படிப் பேசினால் அன்று இரவு அவளைத் தனியே விடாதீர்கள். ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினாலும், வார்டனிடம் அப்போதே சொல்லிவிடுங்கள்.