சுவரில் ஓதமா? ஆளைக் கூப்பிடும் முன் தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள்

எங்கள் வீட்டில் அம்மா படுக்கும் அறையின் சுவர் இரண்டு வருடமாக ஓதம் அடித்துக்கொண்டிருந்தது. பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிரும், தரையில் வெள்ளைப் பொடி விழுந்து கிடக்கும். காலையில் அதைக் கூட்டி அள்ளுவதே அம்மாவுக்கு ஒரு வேலையாகிவிட்டது. ராத்திரி இருமலும் சேர்ந்துகொண்டது. வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் இரண்டு முறை அடித்தோம். இரண்டு முறையும் ஐந்தாறு மாதத்தில் கொப்பளம் கட்டி உரிந்துவிட்டது.

யாரைக் கேட்டாலும் ஒரு பதில் இருந்தது. பெயிண்டர் பெயிண்ட் சரியில்லை என்றார். கொத்தனார் பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசலாம் என்றார். மாடிக்குக் கோட்டிங் போடுபவர் மொட்டை மாடியைக் காட்டினார். யாரும் பொய் சொல்லவில்லை, அவரவருக்குத் தெரிந்த வேலையைச் சொன்னார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. அதைக் கடைசியில் நானே பார்த்தேன். எப்படிப் பார்த்தேன், பிறகு யாரைக் கூப்பிட்டேன் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஈரச் சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் அந்த லைனின் எம்சிபியை (மெயின் பெட்டியில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

படி 1: பென்சில் கோடு

ஈரத்தின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அப்படியே மொபைலில் ஒரு படம். மூன்று நாளுக்கு ஒருமுறை பாருங்கள், ஓரம் நகர்ந்திருந்தால் புதுக் கோடு. ஊசி குத்திப் பார்க்கும் மாய்ஸ்ச்சர் மீட்டரும் வாங்கினேன். எனக்கு அதைவிடப் பென்சில்தான் உதவியது. அந்த மீட்டர் மின்சாரம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதை வைத்து ஈரத்தைச் சொல்கிறது. சுவரில் உப்பு பூத்திருந்தால் காய்ந்த இடத்தையும் ஈரம் என்று காட்டும்.

படி 2: ஈரம் இருக்கும் இடத்தைப் படியுங்கள்

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குச் சுவர் நெடுக ஒரே மட்டமாக ஏறி, மேல் ஓரத்தில் உப்பு பூத்திருந்தால் அது பெரும்பாலும் மண்ணிலிருந்து ஏறும் ஓதம். அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தைத் தடுக்கப் போடும் டிபிசி அடுக்கு பழைய வீடுகளில் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும், ரோடு போடப் போடத் தெரு உயர்ந்து, நாமும் வாசலில் மண் கொட்டி மேடாக்கினால், அந்த அடுக்கு மண்ணுக்குள் போய்விடும். முதலில் வெளியே போய் மண் மட்டத்தைப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பெரிதாகிச் சித்திரையில் காய்ந்துவிடுகிறதா? வெளிச்சுவர் விரிசல், சன்ஷேடு சுவரோடு சேரும் இடம், ஜன்னல் மூலை, மாடியில் கைப்பிடிச் சுவரின் அடி, மழைநீர்க் குழாயின் வாய் இவற்றைப் பாருங்கள். மாடியில் மழை விட்ட மறுநாளும் எங்காவது தண்ணீர் தேங்கி நின்றால் அங்கே வாட்டம் சரியில்லை என்று அர்த்தம்.

மழையோ வெயிலோ, எப்போதும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தால் குழாய் அல்லது குளியலறை. எங்கள் வீட்டுச் சுவர் இந்த வகை. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஈரத்தின் மேல் ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட்டை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டின் சுவர்ப் பக்கம் நீர்த்துளி கட்டினால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் கட்டினால் காற்றிலிருந்து படிகிறது. உதிரும் பெயிண்டைச் சுரண்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் டேப் நிற்காது.

படி 3: குளியலறைச் சோதனை, ஒவ்வொன்றாக

நான் தவறியது இங்கேதான். முதல் முறை, ஒரே நாளில் ஷவரைத் திறந்துவிட்டு, தரையிலும் தண்ணீர் தேக்கி வைத்துப் பார்த்தேன். மறுநாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் ஈரம் கோட்டைத் தாண்டியது. சரி, கசிவு குளியலறையில்தான். ஆனால் சுவருக்குள் போகும் குழாயா, தரையா, கழிவு நீர் போகும் வாயா, சுவர் டைல்ஸா? எதுவும் தெரியவில்லை. சுவர் காய்ந்து பழைய நிலைக்கு வரும்வரை மூன்று வாரம் காத்திருந்து மறுபடி தொடங்கினேன்.

சரியான வரிசை இதுதான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று நாலு நாள் இடைவெளி விட்டுக் கோட்டைப் பாருங்கள். அந்த நாட்களில் வேறு குளியலறையில் குளியுங்கள்.

ஒன்று, குழாய். பிளம்பரை வைத்துக் குளியலறை லைனைத் தனியாக அடைத்து, மீட்டர் வைத்த கைப்பம்ப்பால் பிரஷர் ஏற்றச் சொல்லுங்கள். வெந்நீர், தண்ணீர் இரண்டு லைனுக்கும். முள் அரை மணி நேரம் அசையாமல் நின்றால் அந்த லைனில் கசிவு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். டேங்க் மட்டத்தை ராத்திரி குறித்து வைத்துக் காலையில் பார்ப்பதும் உண்டு, ஆனால் ஃப்ளஷ் டேங்க் ஒழுகினாலும் மட்டம் இறங்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

இரண்டு, கழிவுக் குழாய். தரையில் ஒரு சொட்டும் படாமல், ஹோஸை நானி டிராப்புக்குள் (தரையில் கழிவு நீர் போகும் வாய்) விட்டுப் பத்து வாளித் தண்ணீர் ஊற்றுங்கள்.

மூன்று, தரை. டிராப்பின் வாயைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிய துணியால் இறுக்கி அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கி இரண்டு நாள் விடுங்கள்.

நான்கு, சுவர் டைல்ஸ். ஷவரைச் சுவரைப் பார்த்துக் கால் மணி நேரம் அடிக்க விடுங்கள். இதில் தரையும் வாயும் நனையும். அதனால்தான் அவை இரண்டும் தேறிய பிறகே இது.

தண்ணீரில் நீலமோ கலரோ கலக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. செங்கலும் பூச்சும் கலரை வடிகட்டிவிட்டு வெறும் ஈரத்தைத்தான் இந்தப் பக்கம் அனுப்பும். டைல்ஸ் இடுக்கில் கறை மட்டும் மிஞ்சும்.

எங்கள் வீட்டில் குழாயும் கழிவுக் குழாயும் தேறின. தரைச் சோதனையின் மூன்றாம் நாள் ஈரம் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வந்தது. தரையும் சுவரும் சேரும் மூலைதான் காரணம்.

படி 4: இப்போது ஆளைக் கூப்பிடுங்கள்

கான்கிரீட் பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிந்தாலோ, விரிசல் நாளுக்கு நாள் அகலமானாலோ, பொருள் எதுவும் விற்காத ஒரு சிவில் இன்ஜினியரைக் காசு கொடுத்துக் கூப்பிட்டுப் பாருங்கள். பிரஷர் நிற்காவிட்டால் பிளம்பர். எந்த இடம் என்று தெரியாவிட்டால், உடைப்பதற்கு முன் தெர்மல் கேமரா வைத்துக் கசிவு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேமரா தண்ணீரைக் காட்டாது, சூட்டு வித்தியாசத்தைத்தான் காட்டும். வெந்நீர் லைனில் நன்றாகவே தெரியும். தரை, மூலை என்றால் வாட்டர்ப்ரூஃபிங் தெரிந்த கொத்தனார்.

வருகிறவரிடம் பென்சில் கோட்டையும் படங்களையும் காட்டுங்கள். நான் மூன்று பேரிடம் காட்டினேன். ஒருவர் மட்டும் உட்கார்ந்து தேதிகளைப் படித்துவிட்டு, “தரைச் சோதனை அன்னைக்கு வேற பாத்ரூம்ல குளிச்சீங்களாண்ணே?” என்று கேட்டார். வேலையை அவரிடமே கொடுத்தேன்.

எழுதி வாங்க வேண்டிய முக்கியமான வரி: டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் காட்ட வேண்டும், கடைசித் தவணை அதற்குப் பிறகு. கேரண்டி எத்தனை வருடம் என்பதைவிட இது பெரிது.

தரை டைல்ஸையும் சுவரில் ஓர் அடி உயரம் வரை டைல்ஸையும் எடுத்தார். மூலையில் சிமெண்ட் கலவையைச் சரிவாக வைத்து, கோட்டிங்கைச் சுவர் மீதும் ஏற்றி அடித்தார். தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகே டைல்ஸ். தட்டினால் டைல்ஸ் பொக்கென்று சத்தம் வந்தால், இடுக்கில் மட்டும் எபாக்ஸி கிரவுட் போட்டு ஒப்பேற்றாதீர்கள்.

படி 5: அறைப் பக்கச் சுவர்

ஈரம் தெரிந்த இடத்துக்கு அப்பாலும் ஓர் அடி சேர்த்துப் பூச்சைச் செங்கல் வரை கொத்திவிட்டுக் காய விடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேயே போகும். பட்டி பார்க்க அவசரம் வேண்டாம். ஈரம் உள்ளே இருக்கும்போது பட்டியும் வாட்டர்ப்ரூஃப் பெயிண்டும் அடித்தால், அது வெளியே வர முடியாமல் தள்ளிக்கொண்டு வரும். எங்கள் பழைய பெயிண்ட் இரண்டு முறையும் உரிந்தது அதனால்தான். ஒன்பது அங்குலச் சுவர் காய மாதக்கணக்கில் ஆகும். நாங்கள் நாலு மாதம் செங்கல் தெரியவே விட்டிருந்தோம். அம்மாவின் கட்டில் ஹாலுக்கு வந்தது.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், எல்லாச் சோதனையும் தேறியும் ஏசிக்குக் கீழே ஈரம் போகவில்லை என்று எழுதியிருந்தார். ஏசித் தண்ணீர் போகும் குழாய் சுவருக்குள் பதித்திருந்தால், வாட்டம் குறைந்தோ அடைத்தோ உள்ளேயே கசியும். இரண்டு நாள் ஏசியை நிறுத்திக் கோட்டைப் பாருங்கள். பிறகு குழாயின் மேல் வாயில் ஒரு குவளைத் தண்ணீர் மெதுவாக ஊற்றி, அது முழுவதும் வெளியே வருகிறதா என்று இன்னொரு பாத்திரத்தில் பிடியுங்கள்.

இன்னொருவருக்கு மேல் வீட்டுக் குளியலறை. மாடி வீட்டாரிடம் “உங்கள் வீடு ஒழுகுகிறது” என்று போய் நிற்க வேண்டாம். மேலே சொன்ன நாலு சோதனையையும் அவர்கள் வீட்டில் செய்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பிளம்பர் கூலியை முதல் முறை நீங்களே கொடுத்துவிடுங்கள்.