பழைய மாளிகைத் தோட்டத்தைப் புதுப்பிக்கும்போது எங்கே தவறுகிறார்கள்?

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இருக்கும் சிசிங்ஹர்ஸ்ட் தோட்டத்துக்கு ஜூலைத் தொடக்கத்தில் போகிறவர்கள், வெள்ளைத் தோட்டத்தின் நடுவில் உள்ள இரும்புப் பந்தலின் கீழ் வாயடைத்து நின்றுவிடுவார்கள். பந்தல் முழுக்க முல்லிகனி ரோஜா. இலை கண்ணில் படாத அளவுக்கு வெள்ளைப் பூ. இதைப் பார்த்துவிட்டு வருகிறவர்களில் பலர், அந்தத் தோட்டத்தை உருவாக்கிய எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட் இதை அப்படியே வைத்துவிட்டுப் போனதாக நினைத்துக்கொள்கிறார்கள். அவர் காலத்தில் அங்கே இரும்பே கிடையாது. நான்கு வாதுமை மரங்கள் இருந்தன. ரோஜாக் கொடியை அவற்றின் மேல் ஏற்றிவிட்டிருந்தார். கொடி ஆண்டுக்கு ஆண்டு கனத்து, தன்னைத் தாங்கிய மரங்களையே அமுக்கிவிட்டது. மரங்கள் போயின, பந்தல் வந்தது.

இப்போது ஒரு குழு வந்து, "1950-இல் இருந்தபடியே மீட்கப்போகிறோம்" என்று தொடங்கினால் என்ன செய்யும்? பந்தலைப் பிடுங்கிவிட்டு வாதுமைக் கன்று நடுமா? நட்டால், அதே ரோஜா அதே வேலையைத் திரும்பச் செய்யும்.

மாளிகைத் தோட்டங்களைப் புதுப்பிப்பதில் முதல் தவறு இங்கேதான் பிறக்கிறது. ஏதோ ஓர் ஆண்டைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்தை அதில் ஆணி அடித்து மாட்டப் பார்க்கிறார்கள். கல் தூண் முந்நூறு ஆண்டுகள் அதே உயரத்தில் நிற்கும், மரம் நிற்காது. விட்டாவும் கணவர் ஹரால்டு நிக்கல்சனும் 1930-இல் இடிபாடாகக் கிடந்த அந்த இடத்தை வாங்கினார்கள். ஹரால்டு நேர்கோடுகளைப் போட்டார், விட்டா அவற்றைச் செடிகளால் நிரப்பி வழியவிட்டார். 1962-இல் விட்டா இறக்கும்வரை அவர்கள் மாற்றாமல் விட்ட மூலை குறைவு. அப்படியானால் எந்த ஆண்டுத் தோட்டம் "அசல்"?

ஆண்டைத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கோடு எது, செடி எது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பாதை, மதில், வேலியின் வரிசை, ஒரு வாசலில் நின்றால் கண் எங்கே போய் முட்டுகிறது என்பதெல்லாம் கோடு. அதை மாற்றினால் தோட்டமே வேறாகிவிடும். செடி விஷயத்தில், அன்று நட்டவர் எந்தக் குணத்துக்காக அதை நட்டார் என்று தெரிந்தால் போதும்; அதே இனம்தான் வேண்டும் என்று எல்லா இடத்திலும் அடம்பிடிக்க முடியாது.

ஆவணமே இல்லை என்று கைவிரிப்பது

"பழைய வரைபடம் ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் நாங்களே புதிதாகப் போட்டோம்" என்று சொல்கிறவர்களை எனக்குச் சந்தேகம்தான். பெரும்பாலும் அவர்கள் தேடியிருக்கமாட்டார்கள். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் உள்ள ஹெஸ்டர்கூம் தோட்டத்துக்குத் தோட்டக் கலைஞர் கெர்ட்ரூட் ஜீக்கில் போட்ட நடவுத் திட்டங்கள், தொட்டி மண் கலக்கும் கொட்டகையின் மேசை இழுப்பறையில் கிடைத்தன. 1973-இல் அங்கே மீட்புப் பணி தொடங்கியதற்கு அந்தத் தாள்கள்தான் பிடிமானம். ஜீக்கிலின் மற்ற தாள்களில் பெரும்பகுதி இங்கிலாந்திலேயே இல்லை. அமெரிக்கத் தோட்டக் கலைஞர் பியாட்ரிக்ஸ் ஃபேரண்டு அவற்றை விலைகொடுத்து வாங்கினார். இன்று அவை கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இங்கிலாந்தின் சர்ரேயில் ஒரு பாத்தியைச் சரிசெய்ய, கடல் கடந்து கடிதம் போட வேண்டியிருந்த காலம் உண்டு.

தாள் கிடைத்தாலும் மண்ணைக் கேட்காமல் மண்வெட்டியை எடுக்கக்கூடாது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ மாளிகையில், புல்வெளியைச் சுற்றி வளைந்து செல்லும் பூப்பாதை ஒன்று இருந்ததை அவர் 1807-இல் வரைந்த படம் காட்டியது. தரையிலோ ஒன்றும் தெரியவில்லை. 1939-இல் தொடங்கிய மீட்புப் பணியின்போது, இரவில் புல்வெளிக்குக் குறுக்கே கார் விளக்கைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். சாய்ந்து விழுந்த வெளிச்சத்தில் பழைய பாதையின் மேடுபள்ளம் நிழலாகத் தெரிந்துவிட்டது. ஒரு பைசா செலவில்லாத ஆராய்ச்சி. பகல் உச்சி வெயிலில் அதே இடத்தில் ஆயிரம் முறை நடந்தாலும் தெரிந்திருக்காது. வேலை தொடங்குமுன் டிராக்டரை ஓட்டித் தரையைச் "சமன்" செய்துவிடுகிறவர்கள் அழிப்பது இந்த மேடுபள்ளத்தைத்தான்.

சலித்துப்போன மண்

நம் ஊரில் ஒரே பயிரை ஆண்டுக்கணக்காக வைத்தால் மண் சலித்துவிடும் என்பார்கள். இங்கிலாந்துத் தோட்டங்களில் மிகுதியான பணத்தை விழுங்கும் தவறு, அந்தப் பேச்சைக் கேட்காததுதான்.

சிசிங்ஹர்ஸ்டில் ஹேசல் மரங்களுக்கு அடியில் பல வண்ணப் பாலியாந்தஸ் பூக்களைக் கம்பளம்போல் விரித்திருந்தார்கள். வசந்தத்தில் ஊரே திரண்டு வந்து பார்த்த இடம் அது. ஆண்டுதோறும் அதே இடத்தில் அதே செடி. கடைசியில் மண்ணில் நோய் குடியேறிவிட்டது. புதிது நட நடச் செத்தது. 1970-களில் அந்தக் கம்பளத்தையே கைவிட்டு, காட்டின் நிழலில் தானாகப் படரும் செடி வகைகளுக்கு மாறினார்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில் உள்ள கிரேட் டிக்ஸ்டர் என்ற மாளிகைத் தோட்டத்திலும் இதே கதை. பழைய மாட்டுத்தொழுவ முற்றத்தில் கட்டடக் கலைஞர் லட்டியன்ஸ் அமைத்த ரோஜாத் தோட்டம் எண்பது ஆண்டு ரோஜாவாலேயே சலித்துப்போயிருந்தது. 1993-இல் அதன் உரிமையாளர் கிறிஸ்டோபர் லாயிடும், அப்போது தலைமைத் தோட்டக்காரராகப் பொறுப்பேற்றிருந்த ஃபெர்கஸ் கேரட்டும் ரோஜாக்களைப் பிடுங்கிவிட்டு வாழையையும் கல்வாழையையும் டாலியாவையும் நட்டார்கள். அன்று பலர் முகம் சுளித்தார்கள். லட்டியன்ஸ் போட்ட கோடுகள் ஒன்றும் அசையவில்லை என்பதை முகம் சுளித்தவர்கள் கவனிக்கவில்லை.

ரோஜா இருந்த குழியில் மீண்டும் ரோஜாதான் வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு: குழியை அகலமாகவும் ஆழமாகவும் வெட்டி, பழைய மண்ணை முழுவதும் அள்ளி வெளியே கொட்டி, ரோஜாவையே பார்க்காத மண்ணை நிரப்புவது. முதுகு ஒடியும் வேலை. "மேலே கொஞ்சம் உரம் போட்டால் போதும்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. கனவுக்கு ஏற்றபடி மண் வளைந்துகொடுக்கும் என்று நினைப்பது. விட்டாவும் ஹரால்டும் 1935-இல் கிரேக்கத்தின் டெலோஸ் தீவுக்குப் போய்வந்து, அந்தப் பாறை நிலத்தின் சாயலில் ஒரு பகுதியைச் சிசிங்ஹர்ஸ்டில் அமைத்தார்கள். இடமோ வடக்கு பார்த்தது. மண்ணோ மழையில் பசைபோல ஒட்டும் களி. மத்தியதரைக்கடல் செடிகள் நின்று பிடிக்கவில்லை. அண்மையில் வடிவமைப்பாளர் டான் பியர்சன் அதை மீண்டும் கையில் எடுத்தபோது, செடிப் பட்டியலோடு நிற்கவில்லை. தரையையே தெற்கு நோக்கிச் சாய்த்து மேடைகளாக்கி, உடைகல் கலந்து நீர் வடியும் மண்ணாக மாற்றிய பிறகுதான் செடிகளை இறக்கினார்கள். விட்டாவே கைவிட்ட கனவு ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டு கழித்து வேர்பிடித்திருக்கிறது. "அசலை மாற்றிவிட்டார்கள்" என்று இதற்கும் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அசல் செத்துப்போன அசல் என்பது என் கட்சி.

காலடி

1938-இல் சிசிங்ஹர்ஸ்ட் பொதுமக்களுக்குத் திறந்தபோது கட்டணம் ஒரு ஷில்லிங். அன்று வந்தவர்களுக்கும் இன்று வருகிறவர்களுக்கும் எண்ணிக்கையில் ஒப்பே இல்லை. இருவருக்காகப் போட்ட புல்பாதை பெருங்கூட்டத்தின் செருப்புகளைத் தாங்காது. அதனால் பல புல்பாதைகள் பின்னாளில் செங்கல்லும் கல்லுமாகின. புதுப்பிக்கும் திட்டத்தில் செடிக்குப் பத்துப் பக்கம் எழுதிவிட்டுப் பாதைக்கு ஒரு வரி எழுதுகிறவர்கள், இரண்டே மழைக்காலத்தில் சேற்றைப் பார்ப்பார்கள்.

பாதைக்கு வெளியே நடப்பதுதான் அதைவிட ஆபத்து. லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் 1798-இல் நட்ட டர்னர் ஓக் என்ற மரம் 1980-களில் நலிந்துகொண்டே வந்தது. 1987 அக்டோபர் பெரும்புயல் அதை வேரோடு சற்றே தூக்கி, அதே குழியில் திரும்ப வைத்துவிட்டது. எப்படியும் வெட்டவேண்டிய மரம்தானே என்று கடைசிக்கு ஒத்திப்போட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து வந்து பார்த்தால், மரம் முன்னைவிடச் செழிப்பாக நிற்கிறது! காலங்காலமாக மனிதக் காலடியில் இறுகிப்போன மண்ணைப் புயல் உலுக்கி, வேருக்குக் காற்றுக் கொடுத்திருந்தது. அதன் பிறகு கியூவில் மரத்தடி மண்ணுக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி இளக்கும் முறையைக் கையாளத் தொடங்கினார்கள்.

பள்ளிக் குழந்தைகளுக்கான தோட்டப் பயிற்சியை மிகப் பழைய மரத்தின் நிழலிலேயே வாரம்தோறும் நடத்துகிற இடங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த மரம் நினைவுக்கு வருகிறது. நிழல் நல்லதுதான். கிளை பரவியிருக்கும் வட்டம் முழுக்க மரச்சீவல் பரப்பிவிட்டு, குழந்தைகளை அடுத்த மரத்துக்கு அழைத்துப்போகலாம்.

வேலிகளைப் பற்றிச் சுருக்கமாக. யூ என்ற ஊசியிலை மரத்தால் ஆன வேலி பருத்துப் பாதையை அடைத்துவிட்டால் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுவது அவசரக்காரர் வேலை. யூ பழைய கட்டையிலிருந்தே துளிர்க்கும். வசந்தத் தொடக்கத்தில் ஒரு பக்கத்தைத் தண்டுவரை ஒட்டக் கவாத்து செய்துவிட்டு, அது தழைக்க இரண்டு மூன்று ஆண்டு கொடுத்து, பிறகு மறுபக்கம். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் மொட்டையடித்தால் சில மரங்கள் திரும்பி வராது. பாக்ஸ் என்ற சிற்றிலைப் புதர்ச் செடியால் ஆன வேலியில் நிலைமை வேறு: இலைகருகல் நோய் வந்த இடத்தில் மீண்டும் பாக்ஸையே நடுவது, பாரம்பரியம் என்ற பெயரில் செய்யும் பிடிவாதம். நோய்ப்பட்ட வேலியை வெட்டிய கத்தரியைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குக் கொண்டுபோவது அதற்கு அண்ணன்.

கை யாருடையது?

நிதி கேட்கும் விண்ணப்பங்களில் கல்வேலைக்கும் கண்ணாடி வீட்டுக்கும் தொகை இருக்கும். ஐந்தாம் ஆண்டில் களை எடுப்பவருக்குச் சம்பளம் இருக்காது. திறப்பு விழாவுக்குள் முடிக்கவேண்டும் என்று எல்லாப் பாத்தியையும் ஒரே ஆண்டில் கிளறிப்போடும் பழக்கமும் இதோடு சேர்ந்ததுதான். கிளறிய மண்ணில் முதலில் வருவது களை.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள ஹெலிகன் எஸ்டேட்டில், தோட்டத் தொழிலாளர்களின் கழிப்பறைச் சுவரில் அவர்கள் பென்சிலால் எழுதிய பெயர்கள் இருக்கின்றன. கீழே 1914 ஆகஸ்ட் என்று தேதி. அவர்களில் பலர் முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பவில்லை. கைகள் போன பின் தோட்டத்தை முள்ளும் கொடியும் மூடின. 1990-இல்தான் வெட்டித் திறந்தார்கள். சிசிங்ஹர்ஸ்ட் விட்டாவுக்குப் பிறகும் பிழைத்ததற்குக் காரணம், பாமலா ஷ்வெர்ட், சிபில் குரோய்ட்ஸ்பெர்கர் என்ற இரண்டு பெண்கள் 1959-இலேயே அங்கே வந்து சேர்ந்திருந்தது. இருவரும் வாட்டர்பெரி தோட்டக்கலைப் பள்ளியில் படித்தவர்கள். விட்டாவோடு மூன்று ஆண்டு பழகினார்கள். 1990 வரை அங்கேயே இருந்தார்கள். 1967-இல் தோட்டம் பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் காக்கும் தேசிய அறக்கட்டளையின் (நேஷனல் டிரஸ்ட்) கைக்கு மாறியபோதும் கத்தரி அவர்கள் கையிலேயே இருந்தது.

ஆகவே, பயிற்சித் திட்டம் என்ற பெயரில் வசந்தகாலச் சனிக்கிழமைகளில் மட்டும் வகுப்பு வைப்பது பாதிப் பயன்கூடத் தராது. ஒரு செடி பூக்கும்போது பார்த்தவர், அது காயும்போதும் மறையும்போதும் மீண்டும் முளைக்கும்போதும் பார்க்கவேண்டும். கிரேட் டிக்ஸ்டரில் மாணவர்கள் ஆண்டு முழுவதும் தங்கிக் கற்கிறார்கள். குறைந்தது ஓராண்டு என்பது இதில் சட்டம் மாதிரி.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு பழைய மாளிகைத் தோட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்த முதல் மார்ச் மாதம், மதிலோரப் பாத்தி ஒன்றைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். வாசல் பெருக்கிக் கோலம் போடும் வீட்டில் வளர்ந்தவன். சுத்தம் என்றால் சுத்தம். மண் மட்டும் தெரியும்படி எல்லாவற்றையும் கிள்ளி எடுத்துவிட்டேன். சாம்பல் பச்சையில், நாய்க்காது மாதிரி மெத்தென்ற இலைகளோடு, தரையோடு தரையாகப் படுத்திருந்த சிறு செடிகளும் அந்தக் கூடையில் போயின. தலைமைத் தோட்டக்காரர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கிரேட் டிக்ஸ்டரில் 2017-இல் தொடங்கி உயிரினக் கணக்கெடுப்பு நடத்தியபோது, சுற்றியுள்ள காட்டையும் புல்வெளியையும்விட வீட்டை ஒட்டிய பூந்தோட்டத்தில்தான் உயிர்வகை மிகுதி என்று தெரிந்தது. தானாக விழுந்து முளைத்த செடி, வெட்டாமல் விட்ட காய்ந்த தண்டு, காரை உதிர்ந்த சுவர் எல்லாம் அதில் பங்காளிகள். இதையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன்.

ஜூன் மாதம் அந்தத் தலைமைத் தோட்டக்காரர் என்னை மதிலோரம் அழைத்துப்போனார். பாத்தியின் இரு முனைகளிலும் ஃபாக்ஸ்குளவ் ஆளுயரத்துக்கு ஊதாவும் வெள்ளையுமாக நின்றது. நடுவில், நான் வேலை செய்த ஆறேழு அடியில், ஒன்றுமில்லை. முதலாண்டு இலை, மறு ஆண்டு பூ என்றிருக்கும் செடி அது. நான் கிள்ளியது அந்த ஜூன் மாதத்துப் பூக்களை. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, தேதியை முதலில் போடச் சொன்னார்.