அபோபைசிஸ் என்று எழுதுவதற்கு முன்

எக்ஸ்ரே பார்க்கப் புதிதாகப் பழகுகிறவர்களோடு உட்கார்ந்தால், எங்கள் காலத்தில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். அதில் ஒன்று அபோபைசிஸ். இயற்கையாக முளைத்து, முளைத்த இடத்தோடு ஒட்டியே இருக்கும் புடைப்பு என்பது அதன் பொதுப் பொருள். மருத்துவம், தாவரவியல், பூஞ்சையியல், விலங்கியல், நிலவியல் என்று ஆளுக்கொரு பக்கம் அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எழுத்துப் பிழை, உச்சரிப்புத் தகராறு எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை இங்கே தொடவில்லை.

எபிபைசிஸோடு குழப்புவது

வளரும் பிள்ளைகளின் எலும்பில் இரண்டுமே தனித் துண்டாகத் தெரியும். எபிபைசிஸ் எலும்பின் நுனியில், மூட்டைச் சேர்ந்து இருக்கும்; எலும்பு நீளமாவது அதை ஒட்டிய வளர்ச்சித் தட்டால்தான். அபோபைசிஸ் தசைநாண் பிடித்து இழுக்கும் இடம். எலும்பின் நீளத்தில் அதற்குப் பங்கில்லை.

வளர்ச்சிக் கோட்டை முறிவு என்று எழுதுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. கால் பிசகி ஒரு பிள்ளை வரும். பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டு விரலுக்குப் பின்னால் ஓடும் ஐந்தாவது மெட்டாடார்சலின் அடிப்பகுதியில் செதில் போல ஒரு துண்டு தெரியும். அதற்கும் எலும்புக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு. உடனே பேனாவை எடுத்து ‘முறிவு’ என்று எழுதிவிடுவார்கள். அந்தக் கறுப்பு, இன்னும் எலும்பாக மாறாத குருத்தெலும்பு. பெண் பிள்ளைகளுக்கு 10 வயதை ஒட்டியும் பையன்களுக்கு 12 வயதை ஒட்டியும் அந்தத் துண்டு படத்தில் தலைகாட்டும். சில ஆண்டுகளில் எலும்போடு சேர்ந்துவிடும்.

இப்படித்தான் ஒரு பையனுக்கு மாவுக்கட்டே போட்டுவிட்டார்கள். வாரக்கணக்கில் விளையாட்டு போச்சு. கட்டைப் பிரித்து எடுத்த படத்திலும் கோடு அப்படியே இருந்தது. ‘இன்னும் கூடவில்லை’ என்று மறுபடி கட்டுப் போடும் பேச்சு நடந்தபோதுதான் படம் எங்களிடம் வந்தது. கூடுவதற்கு அங்கே எதுவும் உடைந்திருக்கவே இல்லை. பிசகியது கணுக்கால்.

கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். அபோபைசிஸின் கோடு எலும்பின் நீளவாக்கில் ஓடும், மூட்டுக்குள் போகாது. முறிவு பெரும்பாலும் குறுக்கே வெட்டும். அப்புறம் விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே வலியே இல்லையென்றால் முறிவு என்று எழுத ஏன் அவ்வளவு அவசரம்? சந்தேகம் தீரவில்லை என்றால் மறுகாலைப் படம் எடுத்து ஒப்பிடலாம். ஒரே பாதத்தில் வளர்ச்சிக் கோடும் முறிவும் சேர்ந்தே இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ஒன்றைக் கண்டுபிடித்த திருப்தியில் மற்றதை விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

குதிகாலிலும் இதே கதைதான். அங்குள்ள அபோபைசிஸ் ஆரோக்கியமான பிள்ளைகளுக்கே அடர்வெள்ளையாக, இரண்டு மூன்று துண்டாகக்கூடத் தெரியும். அதை நொறுங்கிய எலும்பு என்று படிப்பது வீண் பீதி.

‘வளர்ச்சிதானே’ என்று விட்டுவிடுவது

இது நேர் எதிர்ப் பிழை; பயந்துபோனவர்கள் செய்வது. முழங்கையின் உட்பக்க மேடு, அதாவது மீடியல் எபிகொண்டைல், ஓர் அபோபைசிஸ். அது பிய்ந்து மூட்டுக்குள் சிக்கிக்கொண்டால், பார்ப்பதற்குப் பக்கத்தில் உள்ள டிராக்லியாவின் (மேற்கை எலும்பின் கீழ் நுனியில் மூட்டில் சேரும் பகுதி) எலும்புப் புள்ளி, அதாவது குருத்தெலும்பு எலும்பாக மாறத் தொடங்கும் இடம், போலவே இருக்கும். முழங்கையில் எலும்புப் புள்ளிகள் தோன்றும் வரிசையில் உட்பக்க மேடு ஏறக்குறைய 5 வயதில், டிராக்லியா ஏறக்குறைய 7 வயதில். ஆகவே டிராக்லியா இருக்கிறது, உட்பக்க மேட்டைக் காணோம் என்றால், காணாமல்போனது மூட்டுக்குள்தான் கிடக்கிறதா என்று தேடுங்கள்.

எல்லாப் புடைப்பையும் இந்தப் பெயரால் அழைப்பது

தேய்ந்த மூட்டின் ஓரத்தில் வளரும் ஆஸ்டியோபைட் என்ற எலும்பு முள் அபோபைசிஸ் அல்ல; அது தேய்மானத்தால் வருவது.

வேறு துறைக் கட்டுரையை எலும்பை வைத்துப் படிப்பது

பைன் கூம்பு மூடியிருக்கும்போது ஒவ்வொரு செதிலிலும் வெளியே தெரியும் தடித்த பகுதிதான் அபோபைசிஸ். அதன் மேல் உள்ள குட்டி மேட்டுக்கு அம்போ என்று தனிப் பெயர் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது வழக்கமான தவறு. மாஸ் என்ற பாசி வகைச் சிறு செடிகளில் ஸ்போர் (வித்துத்தூள்) கூட்டின் அடியில் உள்ள வீக்கம் இதே பெயர் பெறும். ஸ்ப்ளாக்னம் என்ற மாஸ் சாணத்தில் வளரும். அதன் சில இனங்களில் இந்த வீக்கம் குடை போல விரிந்து, நிறமும் நாற்றமுமாக ஈக்களை வரவழைக்கும். ஸ்போர்களைச் சுமந்து போவது அந்த ஈக்கள்தான்.

பூஞ்சையில் ஸ்போர் பைக்குக் கீழே காம்பு விரிந்திருக்கும் பகுதி அபோபைசிஸ். லிக்தீமியா என்ற பூஞ்சையில் புனல் மாதிரி தெளிவாகத் தெரியும், மியூகோர் என்ற பூஞ்சையில் இருக்காது. இரண்டையும் பிரித்தறிய நுண்ணோக்கியில் பார்ப்பதில் இதுவும் ஒன்று.

பெண் சிலந்தியில் தேடுவது

சிலந்தியில் அபோபைசிஸ் எனப்படும் புடைப்பு பெரும்பாலும் வளர்ந்த ஆணின் முன் உணர்காலில்தான் இருக்கும்.

பாறையில் தனியே கிடக்கும் கீற்றுக்குச் சூட்டுவது

நிலவியலில் அபோபைசிஸ் என்றால் பெரிய ஊடுருவல் பாறையிலிருந்து (உருகிய குழம்பாக உள்ளே புகுந்து இறுகியது) அக்கம்பக்கப் பாறைக்குள் பிரிந்து போகும் கிளை. தாய்ப்பாறையோடு தொடர்பு இருந்தால்தான் அந்தப் பெயர். தொடர்பு மண்ணுக்குள் மறைந்து கிடக்கிறது, கண்ணால் பார்க்க வழியில்லை என்றால், குறிப்பில் வெறுமனே ‘பாறை நாளம்’ என்று எழுதி, அகலத்தையும் திசையையும் குறித்துக்கொண்டால் போதும்.